கால் கடுக்குதா, கண்ணு?

எர்ணாகுளத்துத் துணிக்கடையில வேலை கெடைச்சிருச்சுன்னு லட்டு கொண்டாந்தியே பேத்தி, நல்லா இருடி. போர்ட் கொச்சி தோபிகானாவுல ஆயுசு பூரா துணி தொவைச்சவ சொல்றேன், வேலையில நல்ல பேரெடுக்க வழி கேட்டுக்கோ.

மொதல்ல, உட்காராதே. முதலாளி ஸ்டூல் வாங்கிப் போடலேன்னா அது உன் இடுப்பு மேல அவருக்கிருக்கிற அக்கறை. அடுத்தது, தண்ணி குடிக்காதே. குடிச்சா கக்கூசு தேடணும், தேடினா அப்படி ஒண்ணு இல்லேன்னு தெரிஞ்சுபோகும். பாவம், அந்த மனுசன் மானத்தை ஏன் வாங்கணும்? கால் வீங்கினா சீலை மறைச்சுக்கும், நீ சிரிச்சுக்கிட்டே நில்லு.

இப்படி அடக்க ஒடுக்கமா இருந்த பொண்ணுங்களைக் கெடுத்ததே கோழிக்கோட்டுத் தையல்காரி விஜிதான். மிட்டாய்த் தெருவுல தைச்சோமா, வீட்டுக்குப் போனோமான்னு இருக்கலாம்ல? கக்கூசு வேணும்னா. ‘பெண்கூட்டு’ன்னு ஆள் சேர்த்தா. அப்புறம் உட்காரணும்னு கெளம்பிட்டா. உட்கார்ற உரிமைக்கு எத்தனை நாள் தெருவுல நின்னாளுங்கன்னு நெனைச்சுப் பாரு! கடைசியில 2018ல கேரள சர்க்கார் கடைச் சட்டத்தையே திருத்திருச்சு. வேலை செய்யறவங்களுக்கு உட்கார எடம் குடுத்தே ஆகணும். 2021ல தமிழ்நாட்டுலயும் அதே திருத்தம் வந்துச்சு. உங்க சித்தி தி.நகர் கடையில நிக்கிறாளே, அவ காதுலயும் போட்டு வை.

இங்க மட்டும் என்ன வாழுதுங்கிறே? டச்சுக்காரன் பட்டாளத்துத் துணி வெளுக்க நம்மாளுங்களைக் கொண்டாந்தான்னு கதை சொல்வாங்க. இந்தக் கட்டடம் வந்தது 1976ல. ஒங்க தாத்தா ஒரு தொட்டியில தொவைச்சா அது தொழில். அடுத்த தொட்டியில நான் தொவைச்சா அது ‘வீட்டுக்காரருக்கு ஒத்தாசை’. கூலி மட்டும் ஒரே மடியில விழும், அது என் மடியில்லை.

ஆனா இந்தக் கொடியைப் பாரு. ரெண்டு கயிறை முறுக்கிக் கட்டியிருக்கு. புரியைப் பிரிச்சு, கஞ்சி போட்ட வேட்டி நுனியைச் செருகிட்டா போதும், கிளிப்பே வேணாம், கடக்காத்து என்ன இழுத்தாலும் வராது. கடையில நீ ஒத்தையாப் போய்க் கேட்டா வாயாடிம்பான். நாலு பேரா முறுக்கிக்கிட்டுப் போ, “என்னம்மா வேணும்”பான்.

மூணாறு எஸ்டேட்டுல நம்ம தமிழ்ப் பொம்பளைங்க 2015ல அப்படித்தான் செஞ்சாங்க. 20 சதவீத போனஸை 10 ஆக்கினதும் ரோட்டுல உட்கார்ந்துட்டாங்க. சங்கத்துத் தலைவருங்களைக் கிட்டவே சேர்க்கலை. அவங்க போராட்டத்துக்குப் பேரு ‘பெம்பிளை ஒருமை’. போனஸும் கருணைத் தொகையுமாச் சேர்ந்து அந்த 20 திரும்பி வந்துச்சு.

இன்னொண்ணு. பில்லு வாங்கற சாக்குல மேனேஜர் தோளைத் தொடுவான், கேட்டா “அப்பா மாதிரி”ம்பான். எங்க காலத்துல கையில செரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி இருந்துச்சு, எவனும் அப்பா ஆக வரலை. உனக்கு 2013 சட்டம் இருக்கு. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல புகார்க் குழு இருக்கணும், பொம்பளைதான் தலைவி. நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும். உங்க கடைக் குழுவுல யார் யாருன்னு சேர்ற அன்னைக்கே கேட்டுக் குறிச்சு வச்சுக்கோ.