தண்ணி டேங்க்கும் முகவரிக் கோட்பாடும்

தூண்கள் மேல் நிற்கும் கான்கிரீட் தொட்டியைக் குடிநீர்க் கட்டுமானம் என்று பொறியாளர்கள் வகைப்படுத்துவர். அது பாதி உண்மை. அதன் தலையாய பணி வழி சொல்வதே என்பதை இக்கட்டுரை நிறுவும்.

1. இயற்பியல்
10 மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் தரும். இதில் தொட்டியின் பருமன் செல்லாது, உயரமே கணக்கு. தானாகக் குழாயில் தண்ணீர் இறங்க வேண்டுமானால், தொட்டி வீடுகளைவிட உயர்ந்து நிற்க வேண்டும். உயர்ந்து நிற்பது முகவரி ஆகாமல் தப்பாது.

2. வகைப்பாடு
பழைய டேங்க், புது டேங்க், குண்டு டேங்க், இடித்த டேங்க் என நால்வகை. இறுதி வகை தத்துவச் சிறப்புடையது: தொட்டி போனாலும் அதன் பெயரிலுள்ள பஸ் ஸ்டாப் போகாது. கண்டக்டரை நம்பி இறங்கிய வெளியூர்க்காரர் வெறும் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்.

3. கல்வெட்டியல்
தூணில் மூன்று வரிகள்: கொள்ளளவு, சுத்தம் செய்த நாள், அடுத்துச் சுத்தம் செய்யும் நாள். முதல் வரி பளிச்சென்றிருக்கும். மற்ற இரண்டையும் பலமுறை வெள்ளையடித்துத் திருத்தியதில் 3ஆ 8ஆ என்பது ஆய்வுக்குரியது. மிச்சத்தைக் காதணி விழா போஸ்டர் மறைத்துவிடும்.

4. ஒப்பீடு
1979இல் திறக்கப்பட்ட குவைத் கோபுரங்களில் உயர்ந்தது 187 மீட்டர். அதன் கோளங்களில் ஒன்று சுழலும். தண்ணீர் சேமிக்கும் கோபுரம் நாட்டுக்கே சின்னமானது. கொல்கத்தாவின் டாலா டேங்க், சுமார் 110 அடி உயர எஃகுத் தொட்டி, 1911 முதல் நிற்கிறது. அங்கே பேட்டை டேங்க்குக்குப் பெயர் தந்தது. நம்மூரில் டேங்க் பேட்டைக்குத் தருகிறது.

5. தீராச் சிக்கல்
"எங்க வீடு டேங்க்குக்குப் பின்னாடி சார்" என்கிறார்கள். வட்டத் தொட்டிக்கு முன்பக்கமே கிடையாது. பின்பக்கம் எப்படி வரும்? கள ஆய்வில் தெரிந்தது: அவரவர் வீடு இருக்கும் பக்கமே பின்பக்கம். செல்போனில் லொகேஷன் அனுப்பிய பிறகும் டெலிவரி தம்பி அழைக்கிறார்: "அண்ணே, டேங்க் கிட்ட நிக்கிறேன், எந்தப் பக்கம் வரணும்?"

6. பரிந்துரை
அடுக்குமாடிகள் டேங்க்கைவிட உயர்ந்துவிட்டன. டேங்க்கின் தண்ணீர் அவற்றின் சம்ப்பில் இறங்கி, மோட்டாரில் மறுபடி மேலேறுகிறது. அழுத்தம் தரும் வேலை பாதி பறிபோய்விட்ட நிலையில், எஞ்சிய வேலையையாவது அரசு முறைப்படுத்த வேண்டும். தூணில் நான்காவது வரி எழுதப்படுக: "இது முன்பக்கம்."