ஜூரி தவறியோர் பிராயச்சித்த விதி

தவறவிட்ட விரதங்களுக்கும் மறந்துபோன திதிகளுக்கும் பிராயச்சித்தம் வகுத்து வைத்த நம் சாஸ்திரகாரர்கள், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜூரராக வரும்படி நீதிமன்றம் அனுப்பிய சம்மனை மின்சாரக் கட்டண ரசீதுகளுக்கு அடியில் வைத்து மறந்து, குறித்த நாள் கழிந்தபின் அதைக் கண்டெடுத்துத் திடுக்கிடும் கிருகஸ்தனுக்கு யாதொரு மார்க்கமும் காட்டாமற் போனது, அவர்கள் காலத்தில் அந்நாட்டைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டதில்லை என்ற ஒரே காரணத்தால் மன்னிக்கத்தக்கது. அக்குறையை நீக்க எழுந்ததே இச்சிறு ஆராய்ச்சி. அந்நாட்டுச் சட்டங்களும், பண்டைய யவனர் வழக்கமும், ஆங்கிலேயர் சரித்திரமும், நமது பழைய சென்னை ராஜதானியின் அனுபவமும் இதற்குப் பிரமாணங்கள். அச்சமயத்தில் கிருகஸ்தனின் மனைவி கூறும் அபிப்பிராயங்கள், மிகப் பொருத்தமானவையே எனினும், விரிவஞ்சி விடப்பட்டன.

முதலில் பாபத்தின் அளவை நிர்ணயிப்போம். மத்திய அரசின் நீதிமன்றங்களுக்கென 1968ஆம் வருஷத்தில் இயற்றிய ஜூரர் தேர்வுச் சட்டப்படி, தக்க காரணமின்றி வராதவனுக்கு 1,000 டாலர் வரை அபராதம், 3 நாள் வரை சிறைவாசம், சமூகத் தொண்டு ஆகியவற்றில் ஒன்றையோ எல்லாவற்றையுமோ விதிக்கலாம். 2008ஆம் வருஷம் வரை இவ்வபராதத்தின் உச்சம் 100 டாலராகவே இருந்தது. மறதியின் விலை ஒரே திருத்தத்தில் பத்து மடங்கு ஏறியதைப் பொருளாதார நிபுணர்கள் ஏனோ விலைவாசிக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாநிலங்கள் தத்தம் மனப்போக்கின்படி வேறு வேறு வரம்புகள் வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் முதல் தவறுக்கு 250 டாலர் வரையிலும், இரண்டாவதற்கு 750 வரையிலும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 1,500 வரையிலும் விதிக்கலாம். இத்தொகைகளை நள்ளிரவில் படித்துத் தூக்கமிழக்கும் கிருகஸ்தன் அவற்றைச் சூழ்ந்துள்ள வாசகங்களைப் படிப்பதில்லை. தண்டிக்குமுன், ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் காட்டும்படி நீதிமன்றம் அவனை வரவழைத்துக் கேட்கவேண்டும் என்பதும், தக்க சமாதானம் சொன்னவனை அத்தண்டனை தொடாது என்பதும் அங்கேதான் எழுதியிருக்கின்றன.

இத்தவறு எல்லாக் காலத்திலும் குற்றமாக எண்ணப்பட்டதா என்று ஆராயப் புகுந்தால், ஆதென்ஸ் நகரம் நம்மைத் திகைக்க வைக்கிறது. அங்கே ஜூரர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று ஓபல் ஊதியம் உண்டு. அழைப்புக் கொடி ஏறியபின் வந்தவனுக்கு அந்த ஊதியம் போயிற்று, அவ்வளவே. நீதிமன்றத்துக்குப் போகாமல் இருக்கச் செய்வதே அந்நகரின் பெரிய பிரச்சினையாயிருந்தது என்று நினைக்கும்படி, அரிஸ்டோபனீஸ் என்னும் நாடகக் கவி கி.மு. 422இல் அரங்கேற்றிய 'குளவிகள்' என்ற நகைச்சுவை நாடகத்தில் ஒரு கிழவர் வருகிறார். ஜூரி ஆசனத்தின் மீது தீராத மோகங்கொண்ட அவரைத் தடுக்க மகன் வீட்டைச் சுற்றி வலை கட்டுகிறான். கிழவரோ புகைபோக்கி வழியாக வெளியேறி, 'நான் புகை' என்று சாதிக்கப் பார்க்கிறார். முடிவில் மகன் வீட்டுக்குள்ளேயே ஒரு நீதிமன்றம் கூட்டி, பாலாடைக்கட்டி திருடிய நாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, தந்தையின் ஆசையைத் தீர்த்து வைக்கிறான். இந்நாடகத்தை ஆதாரமாகக் கொண்டு, சம்மனை மறந்தவன் உண்மையில் பிதுர்பக்தியுள்ள குமாரர்களால் காப்பாற்றப்பட்டவன் என்று வாதிக்கும் ஒரு கட்சிக்கும் இடமுண்டு. அந்த வாதத்தை இக்காலத்து நீதிபதி எவர் முன்னும் வைக்க வேண்டாமென்று எச்சரிப்பது நம் கடமை.

இங்கிலாந்திலோ வந்தவனுக்கே தண்டனை கிடைத்த காலம் ஒன்றுண்டு. 1670ஆம் வருஷத்தில் லண்டனில், தெருவில் பிரசங்கம் செய்ததற்காக வில்லியம் பென் என்பவரும் வில்லியம் மீட் என்பவரும் விசாரிக்கப்பட்டபோது, நீதிபதிகள் விரும்பிய தீர்ப்பைச் சொல்ல மறுத்த ஜூரர்களை உணவும் நீரும் நெருப்பும் புகையிலையும் இல்லாமல் அடைத்து வைத்தார்கள். அப்போதும் அவர்கள் அசையாமல் விடுதலைத் தீர்ப்பே சொல்லவே, தலைக்கு நாற்பது மார்க் அபராதமும் விதித்தார்கள். அந்த ஜூரர்களில் எட்வர்டு புஷெல் என்பவர் அதைக் கட்ட மறுத்து மேல்மன்றம் போனதனால்தான், தீர்ப்புக்காக ஜூரரைத் தண்டிக்கலாகாது என்ற கோட்பாடு நிலைத்தது. அன்று அந்த ஆசனத்தில் அமராமல் வீட்டிலிருந்துவிட்ட லண்டன்வாசிகள் மகா புத்திசாலிகள் என்று அவரவர் மனைவிமார் மெச்சியிருப்பார்கள் என்பது நம் ஊகம்.

நம் நாட்டிலும் ஜூரி இருந்தது. 1973ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு மறைந்தது. அதற்கு முந்திய 1898ஆம் வருஷச் சட்டம், சம்மன் பெற்றும் வராத ஜூரருக்கு 100 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும், அதை அவருடைய அசையும் சொத்தை ஜப்தி செய்து விற்று வசூலிக்கவும், அதிலும் தேறாவிட்டால் அவரை 15 நாள் சிவில் சிறையில் வைக்கவும் இடங்கொடுத்தது. வெள்ளிக் கூஜாவும் சாய்வு நாற்காலியும் வாசலில் ஏலம் போகும் காட்சியை மனத்தில் கொண்டுவந்தால், அக்காலத்துக் கனவான்கள் காய்ச்சலோடும் கச்சேரிக்குப் போனதன் ரகசியம் விளங்கும். அவர்கள் போனதால் விளைந்ததையும் சொல்ல வேண்டும். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில், 1945ஆம் வருஷம் சென்னை ஹைகோர்ட்டில் சினிமா நடிகர்களான தியாகராஜ பாகவதரையும் என். எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்று தீர்மானித்த ஜூரர்கள் ஒன்பதின்மரில் அறுவர், மூவர் இசையவில்லை. அன்றைய சட்டப்படி அறுவரேனும் ஒருமுகமாயிருந்து, நீதிபதியும் உடன்பட்டாலன்றி அத்தீர்ப்பு செல்லாது. அவ்வறுவரில் ஒருவர் விசாரணை தொடங்கிய காலையில் சம்மனை மறந்து சாவதானமாகக் காப்பி அருந்திக்கொண்டிருந்து, அவர் இடத்தில் வேறு சிந்தனையுள்ள ஒருவர் உட்கார்ந்திருப்பாராயின், பிரிவி கவுன்சில் வரை அலைந்து 1947இல் விடுதலை பெற்ற அவ்விருவரும் சிறையிற் கழித்த காலத்தில் எத்தனை படங்கள் வெளிவந்திருக்கும்! கடமை தவறாமையும் சில சமயம் தேசத்துக்குச் செலவு வைக்கிறது.

இனி அமெரிக்காவில் வாழும் தமிழர் சம்பந்தமான ஓர் உட்பிரிவு. ஜூரராக அமரும் உரிமை அந்நாட்டுப் பிரஜைகளுக்கே உண்டு. ஆனால் சம்மன் அனுப்புவோர் வாக்காளர் பட்டியலோடு டிரைவிங் லைசென்ஸ் பட்டியலையும் பல மாநிலங்களில் சேர்த்துக்கொள்வதால், விசாவில் இருப்பவருக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் அது வந்து சேர்கிறது. 'நமக்கு இது பொருந்தாது' என்று சரியாகவே தீர்மானித்து, அத்தீர்மானத்தை நீதிமன்றத்துக்கு மட்டும் தெரிவிக்காமல் காகிதத்தைக் குப்பையிற் போடுபவர், தகுதியே இல்லாத கடமையில் தவறியவர் என்ற விசித்திரமான பதவியை அடைகிறார். பிரஜையல்ல என்று படிவத்தில் குறித்துத் திருப்பி அனுப்பினால் போதும். பாஸ்டன் நகரில் ஒரு வளர்ப்புப் பூனைக்கே சம்மன் வந்ததாக 2011ஆம் வருஷத்தில் பத்திரிகைகள் எழுதின; மிருக வைத்தியரின் சான்றிதழோடு அதன் வீட்டார் விலக்குக் கோரியும் முதலில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாம். பூனையின் வீட்டாரே படிவம் அனுப்பியிருக்க, பொறியியல் பட்டதாரிகள் அனுப்பாதிருப்பதற்கு நியாயம் ஏது?

பிராயச்சித்தமோ மிக எளிது. சம்மனைக் கண்டெடுத்த அன்றே, அதில் அச்சிட்ட எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி, ஜூரர் எண்ணைச் சொல்லி, 'மறந்துவிட்டேன், வேறு நாள் கொடுங்கள்' என்று கேட்கவேண்டும். இதைப் போன்ற எத்தனையோ வாக்குமூலங்களைக் கேட்டுக் காது தேய்ந்த குமாஸ்தா, பெரும்பாலும் யாதொரு கோபமும் இன்றி, ஏன், யாதொரு சுவாரசியமும் இன்றி, புதிய தேதியைச் சொல்லிவிடுவார். மெய்யாகவே நோயிற் படுத்திருந்தவர் வைத்தியர் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்ளலாம். பாட்டியாரை மரணமடையச் செய்வது மட்டும் கூடாது. மறதிக்கு மன்னிப்புண்டு, நீதிமன்றத்தில் சொன்ன பொய்க்கு வேறு கணக்குண்டு. காரணம் காட்டச் சொல்லி உத்தரவு வந்த பிறகும் போகாதவன் மறந்தவன் என்ற ஜாதியிலிருந்து நீங்கி, அவமதித்தவன் என்ற ஜாதியில் சேருகிறான். பிரமாணம் எடுத்து ஜூரி ஆசனத்தில் அமர்த்தப்பட்டபின் தவறுவதும் வேறு வகை. புளோரிடாவில் 2019ஆம் வருஷத்தில், அவ்வாறு அமர்த்தப்பட்ட ஓர் இளைஞன் தூங்கிப்போய் வராமலும், தகவல் சொல்லாமலும் இருந்ததற்காகப் பத்து நாள் சிறையிலிருந்தான். நாடெங்கும் எழுந்த முணுமுணுப்புக்குப் பிறகே அவன்மீதிருந்த குற்றத்தீர்ப்பு நீக்கப்பட்டது.

கிருகஸ்தனின் அச்சத்தை நீதிமன்றத்தைவிட நன்றாக அறிந்தவர்கள் மோசக்காரர்கள். 'ஷெரீப் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், நீர் ஜூரிக்கு வரவில்லை, உம்மைக் கைது செய்ய வாரண்ட் இருக்கிறது, கடைக்குப் போய்ப் பரிசு அட்டை வாங்கி அதன் எண்ணைச் சொல்லும்' என்று கம்பீரமான குரலில் மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் அந்நாட்டில் பெருகியிருக்கிறது. தொலைபேசியில் அபராதம் கேட்கும் வழக்கம் தமக்கில்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப அறிவிக்கின்றன. ஆகவே தவறாதவனுக்கு அவசர அழைப்பும், தவறியவனுக்குச் சாதாரணத் தபாலும் வருகின்றன என்ற முடிவுக்கு ஆராய்ச்சியாளன் வரவேண்டியிருக்கிறது. பயந்து நடுங்கிப் பரிசு அட்டை வாங்கக் கிளம்புபவன், வழியில், தான் சம்மனே பெறவில்லை என்பதை நினைவுகூர்வானாக.

இறுதியாக, புதிய தேதியில் போகிறவன் என்ன காண்பான் என்பதையும் சொல்லிவிடுவோம். கலிபோர்னியாவில் ஒரு நாள் அல்லது ஒரு வழக்கு என்பது ஏற்பாடு. சோதனைக் கருவியைக் கடந்து, பெரிய கூடத்தில் முன்பின் அறியாத பலரோடு அமர்ந்து, கொண்டுபோன புத்தகத்தைப் பாதி படித்து, மத்தியானம் விலை அதிகமான ரொட்டியைத் தின்று, பெயர் கூப்பிடப்படாமலேயே அவன் மாலையில் வீடு திரும்பக்கூடும். அதோடு அவன் கடமை ஒரு வருஷத்துக்குத் தீர்ந்தது. முதல் நாளுக்குப் படி கிடையாது.