ஆரத்தித் தண்ணீர்க் கொலைகள்

கையில் காசில்லாமல், கைப்பேசியிலேயே சைக்கோ கொலைப் படம் எடுக்கும் மதுரைத் தம்பிமாரைப் பற்றி யாரும் நாலு நல்ல வார்த்தை சொல்வதில்லை. இவ்வளவு உழைத்தும் பாராட்டே கிடைக்காமல் போவது நியாயமில்லை.

அவர்களுடைய சிக்கனத்தையே எடுத்துக்கொள்வோம். இரவல் பைக், நாகமலை அடிவாரத்துக் கருவேலங்காடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, படம் முடிந்தது. ரத்தத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீர். வெட்டுப்பட்டவன் திருஷ்டி கழிந்த களையோடு செத்துக் கிடப்பான். அரிவாளோ அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டியது. (நிஜ அரிவாளோடு ஒத்தக்கடைப் பக்கம் போனால் மிச்சப் படத்தைக் காவல் நிலையத்தில்தான் எடுக்க வேண்டும்.) ஓங்கும்போது அது கொஞ்சம் மடங்கும். கொலைகாரனுக்கும் ஈரநெஞ்சு உண்டென்று இதைவிட நயமாக யார் காட்டியிருக்கிறார்கள்?

எட்டு மணிக்குள் வீடு திரும்ப வேண்டிய பிள்ளைகள் என்பதால் நள்ளிரவுக் காட்சியை உச்சிவெயிலில் எடுத்து நீலம் பூசுவார்கள். ஆளின் காலடியில் நிழல் கன்னங்கரேலென்று கிடக்கும். நாம்தான் அதைச் சித்திரைப் பௌர்ணமி என்று பெருந்தன்மையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒலிப்பதிவு அதைவிட அருமை. கொலைகாரனின் மிரட்டல் காற்றோடு போய்விடும். ஷேர் ஆட்டோ ஹாரனும் எங்கோ ஒரு காதணி விழாவின் மைக்செட்டும் மட்டும் எழுத்து எழுத்தாகக் காதில் விழும்.

பெண்களைத் துரத்தித் துரத்தி வெட்டுவதாக இவ்வகைப் படங்கள்மீது உலகெங்கும் பழி உண்டு. நம் தம்பிகளின் படங்களில் சாவது ஆண்கள் மட்டுமே. கொள்கையா, நடிக்க எந்தப் பெண்ணும் வராததா என்று கிளற வேண்டாம். வெட்டுப்பட்டுச் செத்தவனே அடுத்த காட்சியில் மீசை ஒட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டராக வந்து தன் கொலையைத் தானே விசாரிப்பான். காவல்துறையில் இத்தனை அக்கறையை வேறெங்கும் பார்க்க முடியாது.

வெளிநாட்டில் இவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. 1978இல் ஜான் கார்பென்டர் ‘ஹாலோவீன்’ எடுத்தார். மூன்று லட்சம் டாலர் சொச்சம். ஹாலிவுட் கணக்கில் சில்லறை. கொலைகாரனுக்குக் கடையில் விற்ற ‘ஸ்டார் ட்ரெக்’ கேப்டன் கிர்க் முகமூடியை வாங்கி வெள்ளைச் சாயம் அடித்து மாட்டினார்கள். இசைக்கு ஆள் வைக்கக் காசில்லாத கார்பென்டர், ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் தானே வாசித்துவிட்டார். அந்த முகமூடிக்காரன் பட்டப்பகலில் துணிக்கொடி ஓரத்தில் சும்மா நிற்பதைப் பார்த்தே ஜனங்கள் நடுங்கினார்கள். அதே ஆண்டு நம் பாரதிராஜா ‘சிகப்பு ரோஜாக்க’ளில் பிணங்களைப் புதைத்து மேலே ரோஜாச் செடி வைத்தார், பூவைக் கண்டாலே பகீரென்றது. சும்மா நிற்கவும் செடி வளரும்வரை காத்திருக்கவும் அவர்களுக்கு நேரம் இருந்தது. நம் தம்பிகள் முதல் நிமிடத்திலேயே மூன்று பேரை முடித்துவிடுகிறார்கள். பின்னணிக்கு இலவசமாக இறக்கிய ஒரே அலறல் இசை. எல்லாருடைய படத்திலும் அதுவேதான். என்ன ஒற்றுமை!

இதே மதுரையிலிருந்து போன கார்த்திக் சுப்புராஜும் ‘நாளைய இயக்குநர்’ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்துப் பழகியவர்தான். 2012இல் ‘பீட்சா’வில் விஜய் சேதுபதியை இருட்டு வீட்டில் டார்ச் லைட்டோடு விட்டுவிட்டு ஊரையே கதிகலங்க வைத்தார். ஆனால் அதற்காக உட்கார்ந்து கதையெல்லாம் எழுதினார். தாளும் பேனாவும் செலவுதானே? தம்பிகள் அதையும் மிச்சம் பிடித்துவிட்டார்கள்.

பயமுறுத்தும் வித்தை தெரியாத ஊரா இது? அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பருக்கு உருவமே இல்லை. சந்தனம் பூசிய, சாத்திய கதவுதான் சாமி. அதன் முன்னால் நின்று பொய்ச் சத்தியம் பண்ண எப்பேர்ப்பட்ட வழக்காளிக்கும் நாக்கு எழாது. கதவுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டாததுதான் அந்த அச்சத்தின் பலம். காசு பணமும் தேவையில்லை. அந்தப் பழைய முறையைத் தம்பிகள் தொடவே இல்லை. கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, கொலைகாரன் முகத்தைப் பருவோடு பக்கத்தில் காட்டி, ஒன்பதாம் வகுப்புக் காதல் தோல்வியால்தான் வெட்டினான் என்று நிதானமாக விளக்கிச் சொல்கிறார்கள். பயந்த சுபாவம் உள்ளவர்கள் இரவில் தனியாகவே பார்க்கலாம். நிம்மதியாகத் தூக்கம் வரும்.

இருந்தும் ஒரு படத்தையும் நான் தவறவிடுவதில்லை. கோடி கோடியாகக் கொட்டி இரண்டரை மணி நேரம் நம்மை வதைக்கும் படங்களின் வேலையை இவர்கள் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். குத்துப்பாட்டு கிடையாது. மாலை வெயிலில் சமணர் மலைப் பாறை, யாரும் கேட்காமலே, அற்புதமாக நடித்துக் கொடுக்கிறது. சாகும்போது சிரிப்பை அடக்க முடியாமல் வயிறு குலுங்கும் அந்தப் பிணத்தின் சந்தோஷம் எந்தப் பெரிய நட்சத்திரத்திடமும் இல்லை.

தம்பிகளிடம் ஒரே ஒரு விண்ணப்பம். ‘பட்ஜெட் இல்லாமல் எடுத்த படம்’ என்று தொடக்கத்தில் தவறாமல் அட்டை போடுகிறீர்கள். அதில் பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் கதையையும் சேர்த்துவிடுங்கள்; இவ்வளவு நேர்மையானவர்களுக்கு அது ஒன்றுதான் பாக்கி.