365 நனோமீற்றர் ஐயா

கண்டியில் இவரை அம்பிட்டியவிலும் பார்க்கலாம், அஸ்கிரியவிலும் பார்க்கலாம், கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மகாவலியைப் பார்த்தபடி வீடு கட்டியவர்களிடையேயும் பார்க்கலாம். ஒருவர் வங்கியில் ஓய்வு பெற்றவராக இருப்பார், இன்னொருவர் பாடசாலை அதிபராக இருந்திருப்பார். அச்சு அசலான ஆள் வேண்டுமென்றால், தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து, சேமலாப நிதியை எடுத்து, டவுனுக்குக் கிட்ட ஒரு வீடு வாங்கிக் குடியேறியவரைத்தான் பிடிக்க வேண்டும். பகலில் குறை சொல்ல முடியாத மனிதர். பேப்பர் வாசிப்பார், கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போவார், பென்ஷன்காரர்களோடு நின்று விலைவாசி பேசுவார். இரவு பத்தரை தாண்டினால் ஆள் வேறு. வீட்டு விளக்கையெல்லாம் அணைத்து, ஜன்னல் சீலையை இழுத்து மூடி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கறுப்பு டோர்ச் ஒன்றோடு ஹோலில் தவழத் தொடங்குவார்.

தேடுவது பூனை மூத்திரம்.

பூனை இவர் கேட்டு வந்ததில்லை. மகள் மெல்பேர்ணுக்குப் புறப்பட்டபோது, "ரெண்டு மாசத்துக்கு மட்டும் பாத்துக்கங்கப்பா" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனது. மகளுக்கு அங்கே குடியுரிமை கிடைத்துவிட்டது. பூனைக்கு இங்கே நிரந்தர நியமனம். அதுவும் கடுவன். ஆறு மாத வயதில் செய்திருக்க வேண்டிய அறுவையை, "பாவம், வாயில்லா ஜீவன்" என்று தள்ளிப்போட்டது இவர்தான். அந்த இரக்கத்தின் பலன் இப்போது செட்டிக்குப் பின்னாலும் அலுமாரிக்குப் பக்கத்திலும் மணக்கிறது.

கடுவன் பூனையின் மூத்திரம் ஏன் அப்படி மூக்கைத் துளைக்கிறது என்பதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது. பூனை இனத்தின் பெயரையே சூட்டிய ஃபெலினின் என்ற அமினோ அமிலம் அதில் உண்டு; கந்தகம் கலந்த சரக்கு. வெளியே வந்த பிறகு அது மெல்ல உடைந்து வாடையைக் கிளப்பும். காயடிக்காத கடுவனிடம் அது தாராளமாகச் சுரக்கும். மிச்சத்தைக் கண்டியின் வானிலை பார்த்துக்கொள்கிறது. இரண்டு பருவக்காற்றும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஊர் இது. காய்ந்து கிடக்கிற கறை ஈரக்காற்று பட்டால் மறுபடி உயிர் பெறும். ஐப்பசி அடைமழையில் ஜன்னலைப் பூட்டிக்கொண்டு இருக்கிற வீட்டில், பங்குனி மாதத்துக் குற்றமும் சேர்ந்து மணக்கும்.

"செட்டிக்குப் பின்னாலதாங்க" என்று வீட்டம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். மூக்கு சொன்னதைச் சொன்னார். ஐயா ஏற்கவில்லை. தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்தவருக்கு வாய்ச்சொல் போதாது, ஆதாரம் வேண்டும். ஆதாரம் யூடியூபில் கிடைத்தது. புறஊதா டோர்ச்சை இருட்டில் அடித்தால் காய்ந்த மூத்திரம் மஞ்சளும் பச்சையுமாக மினுங்குமாம். மறுநாளே பஸ் ஏறி டவுனுக்குப் போனார்.

முதலில் வாங்கியது காசுத்தாள் பார்க்கிற மலிவு டோர்ச். அது 395 நனோமீற்றர் அலைநீளம். நம் கண்ணுக்குத் தெரிகிற ஒளி 400க்குப் பக்கத்தில் தொடங்குவதால், 395 டோர்ச் கொஞ்சம் ஊதா வெளிச்சத்தையும் சேர்த்துக் கொட்டிவிடும். மங்கலான கறை அந்த ஊதாவிலே மூழ்கிப்போகும். ஆராய்ச்சி முற்றியதும் 365க்கு உயர்ந்தார். இந்த டோர்ச்சின் வெளிச்சம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, கறை மட்டும் தெரியும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "மூணு அறுபத்தஞ்சு" என்று அழுத்திச் சொல்லத் தொடங்கியது அப்போதுதான். "வருஷம் பூராவும் தேடச் சொல்லித்தான் அந்த நம்பரைப் போட்டிருக்கான்" என்றார் வீட்டம்மா.

முதல் இரவு வீடே எரிந்தது. செட்டி உறையில் தீவுக்கூட்டம். அது பேரன் ஊற்றிய பால். கதவுநிலையில் பச்சை மஞ்சளாக ஒரு கோடு. அது வெள்ளிக்கிழமை பூசிய மஞ்சள். மஞ்சளில் உள்ள குர்க்குமின் புறஊதாவில் பூனை மூத்திரத்தை விடப் பளிச்சென்று ஒளிரும் என்பதை எந்த யூடியூப்காரரும் இவருக்குச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் இல்லையே! இறக்குமதியை நிறுத்தி, கிலோ மஞ்சள் ஆயிரக்கணக்கில் விற்ற 2020ஆம் ஆண்டில் இந்த டோர்ச் கையில் இருந்திருந்தால், வீட்டில் பாதி வெளிச்சம் குறைந்திருக்கும். கொடியில் கிடந்த வேட்டி நீலமாக எரிந்தது. சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கிற சாயம் அது. கடைசியில் கண்ணாடியைப் பார்த்தார். பல்லும் எரிந்தது.

இதில் மூத்திரம் எது?

அந்தக் கேள்விக்கு டோர்ச்சிடம் பதில் இல்லை. புறஊதாக் கதிர் பட்டால் சில பொருட்கள் அதை வாங்கி, கண்ணுக்குத் தெரிகிற ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. கொடுத்தது பூனையா பாலா மஞ்சளா என்று அது பிரித்துச் சொல்லாது. ஐயா மட்டும் அது சொல்வதாக நம்புகிறார். இந்த நம்பிக்கைதான் ஆளின் அடையாளம். டோர்ச் இல்லாத காலத்தில் இதே ஆள் ஆபீசில் வேறு எதையோ பிடித்திருப்பார்.

பிடித்தவற்றுக்குக் கணக்கு வேண்டாமா? சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து, கோடு போட்டு, தோட்டத்தில் ஆட்களுக்குப் பேர் போடுகிற பதிவேடு மாதிரியே ஒரு செக்ரோல் திறந்தார். திகதி, இடம், நிறம், நீள அகலம். பழைய பழக்கத்தில் பெரிய கறைக்கு முழுநாள் வேலைக்குப் போடுகிற முழுப்பேர், சின்னக் கறைக்கு அரைநாளுக்கான அரைப்பேர். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது, தோட்டத்தில் எந்தத் தொழிலாளியும் வாங்காத அளவுக்குப் பூனை பேர் போட்டிருந்தது. இவ்வளவு நாளும் இவர் தேடியது தரையில். கடுவனோ வாலைத் தூக்கி, சுவருக்கு முதுகைக் காட்டி, பின்பக்கமாகப் பீச்சுகிற ஜாதி. கறை சுவரில், ஒரு அடி உயரத்தில். அதைக் காட்டிக்கொடுத்தவன் பேரன். அவனுக்கு உயரமே அவ்வளவுதான்.

இதையெல்லாம் பூனை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அது பார்ப்பதில் இன்னொரு விசேஷம் இருக்கிறது. மனிதக் கண்ணின் வில்லை புறஊதாவைத் தடுத்துவிடுகிறது. பூனை, நாய் போன்றவற்றின் வில்லை அதில் கணிசமான பகுதியை உள்ளே விடுகிறது என்று லண்டனில் ரொன் டக்ளஸ், கிளென் ஜெஃப்ரி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2014இல் எழுதினார்கள். ஐயா டோர்ச் வாங்கிப் பார்க்கிற உலகத்தில் கொஞ்சத்தைப் பூனை செலவில்லாமலே பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். அந்த முகத்தில் தெரிகிற அலட்சியத்துக்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

கண்டதைக் கழுவும் விஷயத்திலும் இவர் அரைகுறைக் கெட்டிக்காரர். ஒரு தடவை குளோரின் ஊற்றப் போனபோது வீட்டம்மா கையைப் பிடித்துத் தடுத்தார். நல்ல வேளை: மூத்திரத்தில் உள்ள அமோனியாவோடு குளோரின் சேர்ந்தால் நெஞ்சை அடைக்கிற நச்சுப்புகை கிளம்பும். அமோனியா கலந்த கழுவுதிரவமும் ஆகாது. வேறொரு பூனை வந்து போயிருக்கிறது என்று நம் பூனை நினைத்துக்கொண்டு அதே இடத்தில் பதில் எழுதும். நொதி கலந்த திரவம்தான் வாடையின் மூலத்தைத் தின்னும். அது விலை கூட என்பதால், வீட்டில் அப்பச்சோடாவும் வினாகிரியுமே ஓடுகின்றன.

செக்ரோலுக்கு மரியாதை கிடைத்த இடமும் ஒன்று உண்டு. பூனை கண்ட இடத்திலெல்லாம் சொட்டுச் சொட்டாகப் போவதும், போக முடியாமல் முக்குவதுமாக ஆனபோது, கூடையில் வைத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். கடுவனுக்கு மூத்திரக்குழாய் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. இப்படியான நோயாளியைக் கண்டதும் எந்த டாக்டரும் கேட்கிற முதல் கேள்வி, "கடைசியா எப்ப போச்சு, எவ்வளவு போச்சு?" என்பது. சாதாரணமாக இதற்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. ஐயா கொப்பியை விரித்து, செவ்வாய்க்கிழமை அரைப்பேர், புதன்கிழமை இல்லை என்று வாசித்தார். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு ஆளை அவர் கண்டிருக்க மாட்டார்.

ஆனால் அதோடு நிற்கவில்லை நம்மவர். மிருக வைத்தியர்களிடம் படர்தாமரை பார்க்க ஒரு புறஊதா விளக்கு உண்டு. சில வகைப் பூஞ்சை பிடித்த மயிர் அதில் பச்சையாக ஒளிரும். அமெரிக்க இயற்பியலாளர் றொபர்ட் வூட் 1903இல் செய்த கண்ணாடியிலிருந்து பிறந்த விளக்கு, இன்றும் வூட் விளக்கு என்றே பெயர். அந்தக் கதையைக் கேள்விப்பட்டதிலிருந்து, உத்தியோகத்தில் டாக்டரம்மா தனக்கு ஒரு படி கீழே என்ற தோரணை ஐயாவுக்கு வந்துவிட்டது.

வீட்டில் வேலை குறைந்ததும் டோர்ச் வெளியே போகத் தொடங்கியது. பேராதனை, குண்டசாலை பக்கம் வாடகை வீடு தேடுகிற சொந்தக்காரர்களுக்கு இவர் இலவச ஆலோசகர். வீட்டுக்காரர் அறையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, "மாத்தயா, லைட்டைக் கொஞ்சம் நூருங்க" என்பார். சுவர் மூலையில் ஏதாவது மினுங்கினால் அட்வான்ஸில் குறைக்கச் சொல்லிப் பேரம். மினுங்கியது பழைய சலவைத்தூளாகவும் இருக்கலாம், யார் சோதிப்பது? அமெரிக்காவில் உணவுக் கிடங்குகளைப் பரிசோதிக்கிறவர்கள் எலி மூத்திரம் தேட இதே வெளிச்சத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று படித்த அன்று, தெருமுனைக் கடையில் அரிசி மூட்டை மேல் அடித்தார். எலிக்காய்ச்சல் 2008இல் நாடெங்கும் ஆயிரக்கணக்கானவரைப் படுக்கையில் தள்ளியது, கண்டியும் தப்பவில்லை. ஆகவே அக்கறையில் தப்பில்லை. ஆனால் மூட்டையின் சாக்கு நூலே சிலவேளை ஒளிரும். கடைக்கார நாநா பொறுத்துப் பார்த்துவிட்டு, "பெரியவரே, அரிசி வேணும்னா எடுங்க, இல்லாட்டி லைட்டை வெச்சிக்கிட்டு அந்தப் பக்கம் நில்லுங்க" என்றார்.

விருந்துகளில் மட்டும் டோர்ச்சுக்கு நல்ல பெயர். டொனிக் தண்ணீர்ப் போத்தலில் அடித்தால் நிலா நீலமாக ஒளிரும். அதில் உள்ள குவினின் காரணம். விஞ்ஞானி ஜோன் ஹெர்ஷல் 1845இல் கண்டு வியந்ததும், ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் 1852இல் விளக்கம் சொன்னதும் இந்தக் குவினின் நீலத்தைத்தான். குவினின் தருகிற சிங்கோனா மரத்தை வளர்க்கத்தான் 1861இல் ஹக்கலைப் பூங்காவையே தொடங்கினார்கள். கோப்பிக்கும் தேயிலைக்கும் நடுவே நம் மலைகளில் கொஞ்ச காலம் சிங்கோனா ராஜாவாக இருந்து, ஏற்றுமதி குவிந்து விலை விழுந்து போன கதையை, ஐயா கையில் போத்தலோடு நின்று சொல்வார். அந்த அரைமணி நேரம் அவர் உண்மையிலேயே கேட்கத் தக்கவர். பிள்ளைகள் கேட்டும் இருப்பார்கள், பேச்சு பூனைக்குத் திரும்பாவிட்டால்.

ஊரே இருண்ட நாட்கள் இவருக்குத் திருநாள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது தன்னிடம் டோர்ச் இல்லாமல் போனதை இன்னும் சொல்லி வருந்துகிறார். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று செய்த சேட்டையில் நாடு முழுதும் மின்சாரம் போனதே, அன்று அயலார் மெழுகுதிரி தேடினார்கள். ஐயா டோர்ச்சை எடுத்துக்கொண்டு, அயல்வீடுகளையும் பார்த்துத் தரட்டுமா என்று கேட்டுப் போனார்.

புது வில்லங்கம் மேலேயிருந்து வந்தது. சீலிங் சீட்டில் பழுப்பு நிறக் கறைகள். அடித்துப் பார்த்தால் நன்றாகவே மினுங்கின. பூனைதான் என்று முடிவு செய்து, அது அலுமாரி மேல் ஏறி எந்தக் கோணத்தில் பீச்சியிருக்க வேண்டும் என்று செக்ரோலின் பின்பக்கத்தில் படமும் கீறினார். தள்ளிப்போட்ட அறுவை ஒருவழியாகப் பூனைக்கு முடிந்து மாதங்கள் கடந்திருந்தன. அதுகூடக் கணக்கில் வரவில்லை. வீட்டம்மா பேசாமல் தச்சு பாஸுக்குக் கோல் எடுத்தார்.

பாஸ் வந்து, அண்ணாந்து, ஒரு தரம் மூச்சை இழுத்தார். "மரநாய்ங்க" என்றார். உடவத்தகலைக் காடு தலதா மாளிகைக்குப் பின்னாலேயே நிற்கிற ஊரில், ஓட்டுக்கும் சீலிங்குக்கும் இடையில் மரநாய் குடித்தனம் நடத்துவது அதிசயமில்லை. ஒரு சீட்டைக் கழற்றினார். கித்துள் கொட்டைகள் கலந்த காய்ந்த எச்சம் பொலபொலவென்று கொட்டியது.

ஐயாவுக்கு மனம் ஆறவில்லை. "கொஞ்சம் பொறுங்க பாஸ், இருட்டட்டும். லைட் அடிச்சு உறுதிப்படுத்திக்கிட்டுச் செய்வோம்."

"இருட்டினா அது எந்திரிச்சிருங்க ஐயா" என்று சொல்லிவிட்டு பாஸ் ஏணியில் ஏறினார்.

கூரையில் அது வந்து போகிற ஓட்டையை அடைக்கக் கம்பிவலையும் கூலியும் சேர்த்து பாஸ் சொன்ன தொகையைக் கேட்டு, ஐயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு செக்ரோலை எடுத்து, பூனையின் பெயருக்கு எதிரே போட்டிருந்த சீலிங் கறைகளை ஒவ்வொன்றாக வெட்டி, கீழே புதிதாக ஒரு வரி எழுதினார்: வெளியாள், மரநாய், முழுப்பேர்.