சாரலுக்கும் சர்வே நம்பர் வேண்டும்

பெறுநர்: பதிவுத்துறைத் தலைவர் அவர்கள், சாந்தோம், சென்னை.
அனுப்புநர்: குற்றாலத்தில் சீசனுக்குச் சீசன் முளைக்கும் முதலீட்டாளர்களில் ஒருவன்.

மதிப்பிற்குரிய அய்யா,

உங்கள் வழிகாட்டி மதிப்புப் பட்டியலில் தெரு இருக்கிறது, சர்வே எண் இருக்கிறது, நஞ்சை புன்சை இருக்கிறது. சாரல் மட்டும் இல்லை. இலஞ்சியிலும் மேலகரத்திலும் ஆயிரப்பேரியிலும் நாங்கள் விற்பதே அதைத்தானே? வயலில் கல் ஊன்றி, கலர் கொடி கட்டி, பார்ட்டியை ஆடி மாதம் கூட்டிவந்து நிறுத்துவோம். முகம் நனைந்ததும் அட்வான்ஸ் கைமாறிவிடும். அதே ஆள் சித்திரையில் வந்தால், பேரருவி விழுந்த பாறையைக் காட்டி என்னத்தைப் பேசுவது?

2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. அன்றிலிருந்து எங்களுக்குச் சுக்கிர திசை. ‘கலெக்டர் ஆபீஸ் இங்கேதான் வரப்போகுது’ என்று நாங்கள் கைகாட்டிய இடத்திலெல்லாம் வந்திருந்தால், ஊருக்குப் பத்து கலெக்டர் தேவைப்பட்டிருப்பார்கள்.

இடைஞ்சலே உங்கள் பக்கமிருந்துதான். வில்லங்கத்தை ஆன்லைனில் இலவசமாகப் பார்க்க விட்டீர்கள். புது ஆட்கள் கெட்டுப்போனார்கள். பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும், ஓடை வராது என்று எவரோ ஓதிவிட, இப்போது மூலப்பத்திரத்தோடு எஃப்.எம்.பி. என்ற புல வரைபடமும் அ-பதிவேடும் கேட்கிறார்கள். மனைகளுக்கு நடுவே வாய்க்கால் ஓடுவது அதில் தெரிந்துபோகிறது. அந்த வாய்க்காலுக்குத்தான் நாங்கள் ‘முப்பதடி ரோடு’ என்று பேர் வைத்திருந்தோம். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற அருமையான வார்த்தைக்கு 2016-லேயே நீதிமன்றம் பால் ஊற்றிவிட்டது. மனைப்பிரிவு 500 சதுர மீட்டர் தாண்டினால் ரேரா பதிவு எண் எங்கே என்கிறார்கள். இத்தனையும் பார்த்து வாங்குகிறவனுக்கு எதை விற்பது?

எங்கள் முன்னோடிகள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஓடைத் தண்ணீரைத் திருப்பி, ரிசார்ட்டுக்குள்ளேயே செயற்கை அருவி கொட்ட வைத்தார்கள். 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கமிட்டி போட்டு ஆய்வு செய்யச் சொல்லிவிட்டது. அருவியைத் தேடி ஆள் அலைய வேண்டாமே என்று, ஆளைத் தேடி அருவியைக் கொண்டுவந்தது ஒரு குற்றமா?

வீட்டை வாடகைக்கு விடலாம் என்றால் அங்கும் சட்டம். 2019 பிப்ரவரியிலிருந்து நகரப் பகுதிகளில் ஒப்பந்தம் எழுத்தில் வேண்டுமாம். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டுமாம். வேறு உடன்பாடு இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாதாம். பத்து மாத அட்வான்ஸ் வாங்க முடியாதவன் வீட்டுக்காரனா, வாட்ச்மேனா? சரி, எழுத்தில்தானே கேட்டார்கள் என்று, ‘சீசன் மூன்று மாதமும் குடித்தனக்காரர் குடும்பத்தோடு மாமியார் வீட்டுக்குப் போய்விட வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வீட்டை நாள் வாடகைக்கு விட வேண்டாமா? கையெழுத்துப் போட ஆள் வரவில்லை.

ஆகவே சாரலுக்குச் சதுர அடிக் கணக்கில் மதிப்பு நிர்ணயித்து உதவ வேண்டும். முத்திரைத்தாளுக்கு 7, பதிவுக்கு 2, ஆக 9 சதவீதம் கட்டத் தயார். அருவி வறண்ட மாதங்களுக்கு மட்டும் கழிவு வேண்டும்.

இன்னொன்று. பேரருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி வெள்ளம் விழும் நாட்களில், ‘முப்பதடி ரோடு’ வழியாக எங்கள் மனைக்குள் வரும் தண்ணீரை அரசுப் புறம்போக்காகவே வைத்துக்கொள்ளவும். அதை நாங்கள் கிரயம் வாங்கவில்லை.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
மனைவேந்தன்