தோழருக்கு இன்று நேரமில்லை

கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் நான்காம் எண் வாசலில், காலை பதினொன்றரைக்கு ஓர் இளைஞர் கண்ணைக் கசக்கியபடி மண்குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தால் அவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. முந்தின இரவு பொதுக்குழு. கட்டண உயர்வைக் கண்டித்து அடிக்கப்போகும் துண்டறிக்கையில் 'கண்டிக்கிறோம்' என்று போடுவதா, 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று போடுவதா என்று விடிய விடிய விவாதம். நாலு மணிக்கு வன்மை ஜெயித்தது.

தோழர் படிப்பது ஒப்பிலக்கியம். 1956-இல் புத்ததேவ போஸ் தொடங்கிய துறை. இந்தியாவில் இதுதான் முதல். அந்தத் துறைக்குத் தோழர் ஒரு குறையும் வைக்கவில்லை. லெனினையும் மாவோவையும், மாரடோனாவையும் மெஸ்ஸியையும் நாள் முழுக்க ஒப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். வருகைப் பதிவேட்டில் இதற்கெல்லாம் இடம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் தோளில் தொங்கும் துணிப்பையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பசை காய்ந்து விறைத்த பிரஷ், மூடி சரியில்லாத சிவப்பு மைப்புட்டி, ஒரு கட்டுத் துண்டறிக்கை, நேற்றைய ஆட்டத்தின் சேறு அப்பிய காலுறை, அதற்கு அடியில் நூலகத்திலிருந்து எடுத்த கிராம்ஷி. காலுறையின் ஈரம் முன்னுரையைத் தாண்டி இறங்கியிருக்கிறது. தோழர் இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை. போஸ்டர் எழுத வைத்திருக்கும் பழைய செய்தித்தாள்களும் உண்டு. அவற்றில் விளையாட்டுப் பக்கத்தின்மேல் மட்டும் ஒரு சொட்டு மையும் விழாது.

இந்த ஊரில் பிறந்தவரைக் குறை சொல்லியும் பயனில்லை. 1953-இல் டிராமின் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரே ஒரு பைசா ஏறியதற்கு நகரமே தெருவில் இறங்கியது. உயர்வைக் கைவிட வேண்டியதாயிற்று. 2014-இல் 'ஹோக் கொலொரொப்' (ஆரவாரம் எழட்டும்) என்று இதே வளாகத்து மாணவர்கள் கொட்டும் மழையில் ஊர்வலம் போனார்கள். அடுத்த ஜனவரியில் துணைவேந்தர் பதவி விலகினார். அந்த மழையில் நனைந்ததாக இன்று சொல்லும் சீனியர்கள் அத்தனை பேரும் உண்மையிலேயே நனைந்திருந்தால் ஊர்வலத்துக்கு ஜாதவ்பூர்ச் சாலைகள் போதாது.

மாலையானால் கால்பந்து. வீடு பிஜய்கரில். பிரிவினைக்குப் பின் கிழக்கிலிருந்து வந்த அகதிகள் உருவாக்கிய குடியிருப்பு அது. ஆகவே தோழர் எந்த அணி என்று கேட்கவே வேண்டாம்: 1920-இல் பிறந்த ஈஸ்ட் பெங்கால். சட்டை சிவப்பும் மஞ்சளும். சிவப்புக்குக் கோட்பாட்டு விளக்கம் தருவார். மஞ்சளைப் பற்றிக் கேட்டால் அவருக்கு ஒரு கூட்டத்துக்கு நேரமாகிவிடும்.

எதிரணியான மோகன் பாகானுக்கும் அவர் நியாயம் செய்கிறார். 1911-இல் ஒருவர் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது ஏகாதிபத்திய எதிர்ப்புப் போராட்டம்தான். அதற்குப் பிறகு அந்தக் கிளப் சீரழிந்துவிட்டதாம். 1975-இல் அதே கேடயத்தின் இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் அதை 5-0 என்று வீழ்த்தியதை, கோல் கோலாக, கூடவே ஓடியவர்போல் விவரிப்பார். அப்போது அவருடைய அப்பாவே அரைக்கால் சட்டைப் பருவம்.

ஐக்கிய முன்னணி கட்டுவது தோழரின் நெடுநாள் கனவு. மூன்று மாணவர் அமைப்புகளை ஒரே மேசையில் உட்காரவைக்க முயன்று, மேசையை யார் கொண்டுவருவது என்பதிலேயே பேச்சுவார்த்தை முறிந்திருக்கிறது.

2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் வன்புணர்வுக்கு ஆளாகிக் கொல்லப்பட்டபோது ஊர் கொந்தளித்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி, 18-ஆம் தேதி நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை ஆட்டத்தை, ஈஸ்ட் பெங்கால்–மோகன் பாகான் மோதலை, ரத்து செய்தார்கள். அன்று சால்ட் லேக் அரங்குக்கு வெளியே இரு அணி ரசிகர்களும், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்து நின்று நீதி கேட்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. மோகன் பாகானின் பச்சை–அரக்குச் சட்டைக்காரர் தோளில் கைபோட்டுத் தோழரும் கோஷம் போட்டார். பொதுக்குழு கூடவில்லை, யாரும் திருத்தம் முன்மொழியவில்லை.

தோழரால் இதை ஜீரணிக்க முடியவில்லை. மறுவாரமே மீளாய்வுக் கூட்டம் போட்டார். அன்று அரங்கு வாசலுக்கு முதலில் வந்து சேர்ந்தது எந்த அணி ரசிகர்கள் என்ற முதல் அம்சத்திலேயே கூட்டம் அடிதடியாகிக் கலைந்தது.