தாத்தா வைத்திருந்த கார்

ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்தில், தர்மஸ்தலா வீரேந்திர ஹெக்கடே சேர்த்த பழைய கார்களைப் 'பயணா' என்ற பெயரில் மியூசியமாக வைத்திருக்கிறார்கள். சித்தூரிலிருந்து பெங்களூர் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு ஞாயிறு இரவுதான் திரும்பினோம். அந்தக் காலத்து மர ஆரக்கால் சக்கரங்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன். முதலில் மாமாவை முடித்துவிடுகிறேன்.

மாமா என்றால் என் மனைவியின் தாய்மாமன், திருப்பதிக்காரர். முதல் கார் முன்னால் நின்றார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு போர்டைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். படித்து முடித்த பிறகுதான் அந்த ஞாபகம் வந்தது. "எங்க தாத்தாகிட்ட இதே வண்டி இருந்துச்சு, மாப்பிள்ளை."

நீங்களும் சொல்லியிருப்பீர்கள், மறுக்க வேண்டாம். கோவையில் 2015-ல் திறந்த ஜீடி கார் மியூசியத்திலும் சொல்கிறார்கள். ஆமதாபாத்தை ஒட்டிய கட்வாடாவில் பிராண்லால் போகிலால் சேர்த்த நூற்றுக்கு மேற்பட்ட கார்களின் நடுவிலும் குஜராத்தியில் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சித்தூரில் கலெக்டர், டாக்டர், ஜமீன், பஸ் முதலாளி என்று விரல் விட்டு எண்ணும் பேரிடம்தான் கார் இருந்திருக்கும். பேரன்களைக் கணக்கெடுத்தால் நாலு வீட்டுக்கு ஒரு கார் வருகிறது. அத்தனை காரும் கப்பல் மாதிரி. ஒன்றுகூட வழியில் நின்றதில்லை. டிரைவருக்குப் பெரிய மீசை. கடைசியில் எல்லாத் தாத்தாக்களும் ஒரே சேட்டிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். "இன்னிக்கு இருந்தா கோடி ரூபா!" அந்தச் சேட்டு வீட்டுக் கொட்டகை எங்கே என்று யாராவது சொன்னால் நேராக அங்கேயே போய்விடலாம், டிக்கெட் காசு மிச்சம்.

இன்னொன்றும் கவனித்தேன். வண்டலூரில் 1961-லிருந்து தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு எங்களிடம் இருந்தது என்று ஒருத்தரும் பெருமையடிப்பதில்லை. 2014 வரைக்கும் வந்துகொண்டிருந்த அம்பாசடருக்கும் அதே கதிதான். அதையெல்லாம் பார்த்த ஆட்கள் தெருவில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், மாட்டிக்கொள்ள நேரும். தாத்தா விஷயத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

என் தாத்தாவிடம் இருந்ததாக நான் சொல்லாததற்கு அடக்கம் காரணமில்லை. அவர் பாகாலா ஜங்ஷனில் வேலை பார்த்தவர். அவரிடம் இருந்தது ஒரு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி. எந்த மியூசியத்தில் போய் எதைக் காட்டுவது?

நாலாவது காரில் மாமாவின் தாத்தாவிடம் இரண்டு அமெரிக்கக் காரும் இரண்டு இங்கிலீஷ் காரும் சேர்ந்துவிட்டன. கதவுக்கும் கதவுக்கும் நடுவிலிருந்து வெளியே நீளும் சிவப்புக் கைகாட்டி, அந்தக் காலத்து இண்டிகேட்டர், அதை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் மாமா பக்கத்திலிருந்த கன்னடக் குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: 1938-ல் தாத்தா இந்தக் காரிலேயே திருமலைக்கு ஏறினாராம். பொறுக்க முடியாமல் திரும்பினேன். "மாமா, மலைக்கு முதல் ரோடு திறந்ததே 1944-லதானே?"

மாமா அசரவில்லை. "தாத்தா ஏறுனதைப் பார்த்துத்தான் ரோடே போட்டாங்க."

கன்னடக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார். கையோடு தன் தாத்தாவின் காரையும் எடுத்துவிட்டார். அதற்கப்புறம் அரை மணி நேரம் அந்த ஹாலில் ஓடாத காருக்கெல்லாம் பெட்ரோல் போட்டு ஓட்டினார்கள். கடைசி வரைக்கும் என்னை ஒரு சக்கரத்தை ஒழுங்காகப் பார்க்க விடவில்லை.

திரும்பும் வழியில், முல்பாகல் தாண்டியதும், மனைவி ஸ்பீக்கரில் மாமாவின் அக்காவைக் கூப்பிட்டாள். தொண்ணூறை நெருங்கும் அம்மாள், தாத்தா மடியில் வளர்ந்தவர்.

"காரா? அவருக்கு பஸ் வாசனை பட்டாலே வாந்தி வரும்டி. கடைசி வரைக்கும் மாட்டு வண்டிதான்."

வண்டிக்குள் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்சீட்டிலிருந்து மாமா முன்னால் சாய்ந்தார்.

"அந்த வாந்தியினாலதான் மாப்பிள்ளை, நாலையும் வித்துட்டாரு."